எட்டு மணி நேரம் காத்திருந்த ரத்தம்

கால்நடை மருத்துவமனையில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். வீட்டில் பாப்பா. நாற்பத்தொன்பது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட ஓர் அண்ணனால்தான் முடியும். அவர் போய் மூன்று வருஷமாகிவிட்டதால் இப்போது அவள் எங்கே போனாலும் ஊசியக்கா மட்டும்தான்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. கடிக்க வருகிற நாயோ உதைக்க வருகிற மாடோ, எதுவாக இருந்தாலும் அவள் கை பட்டால் ஒரே குத்தில் நரம்பு அகப்படும். கூண்டு கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவள். பிறகு டெஸ்ட் டியூப் கழுவினாள். ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போன அன்று, இனி யாரை வைத்து ஓட்டுவது என்று டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, "நான் எடுக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டு, அவர் பதில் சொல்வதற்குள் எடுத்தும் விட்டாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுப்பது, அதைச் சுற்றுகிற மெஷினில் சுற்றித் தெளிந்த நீரைப் பிரிப்பது, சோதனை மெஷினில் வைப்பது, வருகிற எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி டாக்டர் மேசையில் வைப்பது எல்லாம் அவள்தான். எந்த எண் நல்லது, எது கெட்டது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. யாரும் அவளிடம் ஏன் என்று கேட்டதுமில்லை.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் எடுத்த பத்து நிமிஷத்துக்குள் எண் அவர் கைக்கு வந்தாக வேண்டும். "எடு, சுத்து, போடு" என்பார். டியூபைத் தாங்கியில் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கத்துவார். மனுஷனுக்குப் பொறுமை என்பதே மருந்துக்கும் கிடையாது என்று அவள் நினைத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமும் அப்படியேதான் நினைத்திருந்தாள்.

அண்ணன் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணன் துணியில் ஊசி, தங்கை தோலில் ஊசி என்று சொந்தத்தில் கேலி பேசுவார்கள். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிற அந்த மனிதருக்குத் தன் கைக்கு நேரே ஓர் ஊசி வந்தால் முகம் வெளுத்துவிடும். "துணிக்கு வலிக்காது பாப்பா, எனக்கு வலிக்கும்" என்பார். ஐம்பத்தாறு வயதில் அவருக்குத் தாகம் கூடியது. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறார், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, சர்க்கரையாக இருக்குமோ என்று அண்ணி கவலைப்பட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நச்சரித்தாள். அவர் பிடி கொடுக்கவே இல்லை.

கடைசியில் ஒரு நாள், "பாப்பா எடுத்தா எடுத்துக்கறேன். வேற எவன் கையும் என் மேல படக் கூடாது" என்றார்.

தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். விடிந்ததும் ஆறு மணிக்குப் போய், அவர் வெறும் வயிற்றோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வலி தெரியாமல் எடுத்தாள். "எடுத்தாச்சா? எடுக்கப் போறியா?" என்று அவர் கேட்டபோது டியூப் அவள் பைக்குள் போய்விட்டிருந்தது.

எடுத்ததில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். நாய்க்கும் மாட்டுக்கும் என்று வாங்கிய மெஷினில் அண்ணனின் ரத்தத்தை வைப்பதை டாக்டர் பார்த்துவிட்டால் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். அதனால் டியூபை ஜன்னல் மேடையில் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போன பிறகுதான் எடுத்துச் சுற்றி மெஷினில் வைத்தாள். நூற்று ஆறு என்று வந்தது. நூற்றுப்பத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். சீட்டில் எழுதி, சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகப் போய் அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் அன்றைக்கு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போடச் சொல்லிக் குடித்தார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பன்னிரண்டு சீட்டு. நூற்று ஆறு, நூற்று நாலு, நூற்று ஒன்பது. ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை.

"தாகம் குறையவே இல்லையே பாப்பா" என்று அண்ணி ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான் என் கண்ணால பாத்தேன் அண்ணி. மெஷின் பொய் சொல்லுமா? நீங்க சும்மா சும்மா அவரைப் பயமுறுத்தாதீங்க."

அதோடு அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் கடையில் கீழே கிடந்த குண்டூசி அண்ணனின் காலில் ஏறியது. அவருக்குத் தெரியவே இல்லை. தையல் மெஷின் மிதியில் ரத்தக் கறையைப் பார்த்து அண்ணிதான் கண்டுபிடித்தாள். புண் ஆறவில்லை. கால் முழங்கால் வரை வீங்கி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே சர்க்கரை முந்நூற்று நாற்பது. "எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்று தங்கை முந்திக்கொண்டு சொன்னாள். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். திடீரென்று எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். துக்கம் ஒருபக்கம், தன் சீட்டுகளைப் பற்றிய நினைப்பு ஒருபக்கம், தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியைப் பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தானே இருந்தது. நான்தானே பாத்தேன். அதுக்குள்ள முந்நூத்தி நாப்பதுன்னா, வீட்ல என்னத்தைப் போட்டீங்க?"

அண்ணி குனிந்து அவர் மேல் போர்த்தியிருந்த வேட்டியைச் சரிசெய்தாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மறந்தார்கள். பெரிய அத்தை, "நாக்கைக் கட்டச் சொல்லத் தெரியாதவளைக் கட்டிக்கிட்டான், பாவம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாப்பா, வா என்று வாசலுக்கே வந்து அழைத்த அண்ணி, அதன் பிறகு தங்கை எப்போதாவது போனால் "வாங்க, உக்காருங்க" என்றாள். அந்த மரியாதை அறைவதுபோல இருக்கும். இருந்தும் தங்கைக்குத் தன் மேல் சந்தேகம் வரவில்லை. பன்னிரண்டு சீட்டு எழுதியவளுக்கு எப்படி வரும்?

மூன்று வருஷம் கழித்து மருத்துவமனையில் ஒரு புது உத்தரவு வந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் இனி மெஷினைத் தொடக் கூடாது. மனித உடல், விலங்கு உடல் இரண்டுக்குமான உயிர்வேதியியல் அறிமுகப் படிப்பு ஒன்று, சனிக்கிழமை காலைகளில், ஆறு மாதம். படித்துத் தேறினால் வேலை. இல்லாவிட்டால் பழையபடி கூண்டு கழுவ வேண்டியதுதான்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். முதல் வகுப்பில், முதுகு சாய்க்க வழியில்லாத உயர ஸ்டூலில், தன் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். டீச்சருக்கே முப்பது வயது இருக்கும். அமினோ அமிலம் என்றாள், என்சைம் என்றாள், கரும்பலகையில் தேன்கூட்டைப் போல ஆறு ஆறு மூலையாக வரைந்துகொண்டே போனாள். ஊசியக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது.

ஐந்தாவது வாரம்தான் கட்டு அவிழ்ந்தது. "மனுஷனுக்கு ரத்தத்துல சர்க்கரை எண்பது, தொண்ணூறு. மாட்டுக்கு அம்பது, அறுபதுதான். ஏன்?" என்று டீச்சர் கேட்டாள். வகுப்பு முழித்தது. அந்த ஐம்பதையும் அறுபதையும் இருபத்திரண்டு வருஷமாகத் தன் கையால் எழுதி வந்தவளுக்கு மட்டும் காது சிவந்தது. ஏன் என்று அவளுக்கும் தெரியாதுதான், ஆனால் அந்த எண் அவளுக்குச் சொந்தக்காரன் மாதிரி. மாடு தின்கிற புல்லை அதன் முதல் இரைப்பையில் இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலமாக்கித் தருகின்றன, மாடு அதில்தான் பெரும்பாலும் ஓடுகிறது, வேண்டிய கொஞ்சம் சர்க்கரையைக் கல்லீரல் செய்துகொள்கிறது என்று டீச்சர் விளக்கினாள். ஊசியக்கா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள். இத்தனை வருஷமாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பிராணிக்குள் இப்படி ஒரு சமையல் நடக்கிறதென்று யாருமே சொல்லவில்லையே என்று இருந்தது. அதன் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் தவறவிடவில்லை. படிப்பு இத்தனை இனிக்கும் என்று இருபது வயதில் தெரிந்திருந்தால் என்று ஏங்கவும் ஏங்கினாள்.

அந்த இனிப்பெல்லாம் பதினோராவது சனிக்கிழமை வரைதான்.

அன்றைக்குப் பாடம், செல்கள் சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுப்பது. "எல்லாச் செல்லுக்கும் உள்ளே ஒரு அடுப்பு உண்டு, மைட்டோகாண்ட்ரியா. நம்ம சிவப்பணுவுக்கு மட்டும் அந்த அடுப்பே கிடையாது" என்றாள் டீச்சர். "அதனால கொழுப்பை எரிக்கத் தெரியாது. குளுக்கோஸை உடைச்சுத்தான் அது உயிர் வாழும். உடம்புக்குள்ள இருந்தாலும் சரி, டெஸ்ட் டியூப்ல இருந்தாலும் சரி. நாம வெளியே எடுத்துட்டோம்னு அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுத்தி இருக்கிற சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் சர்க்கரை பாக்க எடுத்த ரத்தத்தை உடனே சுத்திப் பிரிச்சிடணும். முடியலன்னா, தின்கிறதை நிறுத்துற மருந்து போட்ட டியூப்ல எடுக்கணும்."

எடு, சுத்து, போடு. டாக்டர் குரல் அவள் காதுக்குள் கேட்டது.

ஊசியக்கா கையைத் தூக்கினாள். "டீச்சர், காலைல ஆறு மணிக்கு எடுத்து, சும்மா டியூப்லயே வெச்சிருந்து, மதியம் ரெண்டு மணிக்குப் போட்டா?"

"எட்டு மணி நேரமா?" டீச்சர் சிரித்தாள். "அப்படி யாருங்க போடுவாங்க?"

வகுப்பே சிரித்தது. ஊசியக்காவும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மருத்துவமனை திறந்ததும் தன் கையிலிருந்தே இரண்டு டியூப் ரத்தம் எடுத்தாள். ஒன்றை உடனே சுற்றிப் போட்டாள். தொண்ணூற்று நாலு. இன்னொன்றை அதே ஜன்னல் மேடையில், அதே பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். நாலு மணிக்கு எடுத்துப் போட்டுவிட்டு மெஷின் எதிரே நின்றாள். வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்து எட்டிப் பார்த்த டாக்டர், "நாப்பத்தொன்பதா? எந்த மாடு?" என்று கேட்டார்.

"மாடில்ல டாக்டர். நான்."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வந்த உடனே போட்டுப் பாருன்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றார்.

தொண்ணூற்று நாலு போய் நாற்பத்தொன்பது. நாற்பத்தைந்தை ரத்தம் தின்றுவிட்டிருக்கிறது. அண்ணனின் நூற்று ஆறோடு நாற்பத்தைந்தைக் கூட்டப் படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. முதல் சீட்டிலேயே நோய் இருந்தது. மாத்திரை போட்டு, வாயைக் கட்டி, காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு "எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலமே அண்ணியிடம் ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. இதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை: நாலு மாதம் அவள் போகவில்லை. பரீட்சை முடியட்டும் என்று ஒரு சாக்கு. பரீட்சை முடிந்ததும் முடிவு வரட்டும் என்று இன்னொரு சாக்கு. அண்ணி வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் சுற்றி வேலைக்குப் போனாள். சோறு இறங்கவில்லை, ஆனாலும் போகவில்லை. குற்றத்தை விடக் கேவலமானது அந்த நாலு மாதம்தான் என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு குறைவது ஏன், விளக்குக, பத்து மதிப்பெண். மூன்று பக்கம் எழுதினாள். முடிவு வந்த அன்று டீச்சர் வகுப்பின் முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொன்னாள். "இந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கினது இவங்க ஒருத்தர்தான். ஏதோ நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்காங்க." பிள்ளைகள் கை தட்டினார்கள். அண்ணனைத் தின்று வாங்கிய பத்து என்று அவளுக்குத் தோன்றியது. அங்கிருந்து நேரே அண்ணி வீட்டுக்குப் போய்விட்டாள்.

முன்னறையில் அண்ணன் மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். எழுந்து போய் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தாள். தன் தம்ளரில் அவள் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து பாப்பா சொன்னாள். ஜன்னல் மேடை, எட்டு மணி நேரம், அடுப்பில்லாத சிவப்பணு, தொண்ணூற்று நாலு, நாற்பத்தொன்பது. வகுப்பில் இத்தனை தெளிவாக யாரும் சொன்னதில்லை. "வீட்ல என்னத்தைப் போட்டீங்கன்னு உங்களைக் கேட்டேன் அண்ணி. நீங்க ஒண்ணும் போடல. நான்தான். அவரைக் கொன்னது நான்தான்."

அண்ணி அழவில்லை. எழுந்துபோய் அண்ணனின் அளவு நோட்டை எடுத்து வந்தாள். வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, கை நீளமெல்லாம் அவர் எழுதிவைத்த நோட்டு. நடுவில் பன்னிரண்டு சீட்டும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு அடியில் நாலாய் மடித்த ஓர் அச்சுத் தாள். பாப்பா பிரித்துப் பார்த்தாள். வெளியே ஏதோ பரிசோதனைக் கூடத்தில் எடுத்தது. வெறும் வயிறு, நூற்று ஐம்பத்தெட்டு.

"உன்னோட நாலாவது சீட்டு வந்த வாரம்" என்றாள் அண்ணி. "எனக்கு மனசு கேக்கல. அவர் கால்ல விழாத குறையாக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க."

"பாத்துட்டு அண்ணன் என்ன சொன்னார்?"

"எவன் ரத்தத்தையோ மாத்திப் போட்டிருப்பான், என் தங்கச்சி மெஷின் பொய் சொல்லாதுன்னார். அப்புறம் இதைப் பாப்பாகிட்ட காட்டவே கூடாது, தன் கை மேல அவளுக்கு இருக்கிற நம்பிக்கை போயிடும்னார். என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டார்."

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கேட்டேனே. அப்பவாவது இதை எடுத்து என் மூஞ்சியில வீசியிருக்கலாமே அண்ணி."

"வீசியிருக்கலாம். அவர் கூடத்துல கிடந்தார். அவருக்குப் பண்ணின சத்தியத்தை அவர் எதிர்லயே எப்படி மீறறது?"

பாப்பா குனிந்து அண்ணியின் காலைத் தொடப் போனாள். அண்ணி காலை இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தப்ப சொன்ன" என்றாள். "இன்னைக்குக் கதவைச் சாத்திட்டு வந்து சொல்ற."

ஆத்திரமே இல்லாமல்தான் சொன்னாள். டீயில் ஆடை படிந்தது. பிறகு பாப்பா எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். பையிலிருந்து போனை எடுத்துச் சித்தப்பாவுக்குப் போட்டாள்.

சித்தப்பாவுக்குக் காது மந்தம். எதையும் இரண்டு தடவை, அதுவும் கத்திச் சொன்னால்தான் ஏறும். "சித்தப்பா, நான் பாப்பா பேசறேன். அண்ணன் செத்ததுக்கு அண்ணி காரணமில்ல" என்றாள். கேக்கலம்மா, சத்தமாச் சொல்லு என்றார் அவர். சத்தமாகச் சொன்னாள். "என் மேலதான் தப்பு. நான் பாத்தது தப்பு." தெருவில் போன ஒருத்தி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ரத்தம் சர்க்கரையைத் தின்னுமா? வெளியே எடுத்தப்புறமா?" சித்தப்பாவால் நம்ப முடியவில்லை.

"தின்னும் சித்தப்பா. நாம வெளியே எடுத்துட்டோம்னு அதுக்குத் தெரியாது."

"மூணு வருஷமா அந்தப் பொண்ணை நாங்க..." என்று தொடங்கி முடிக்காமல் சித்தப்பா போனை வைத்துவிட்டார். பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி ஓரம் அடித்துக்கொண்டிருந்த பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது பெரிய அத்தை" என்றாள்.